பல்லக்கில் வந்த ஓவியர்

குழந்தைகளே, ஸ்ரீரங்கத்து அம்மா மண்டபம் படித்துறையில் நின்று பார்த்திருக்கிறீர்களா? காவிரிக்கு அக்கரையில் திருச்சி மலைக்கோட்டை கம்பீரமாகத் தெரியும். இப்போது செல்போனை எடுத்தால் ஒரு நொடியில் படம் பிடித்து விடலாம். கேமராவே இல்லாத 1792ஆம் ஆண்டில், அந்த மலைக்கோட்டையை நேரில் வந்து பார்த்து வரைந்தார் ஓர் ஓவியர். அவர்தான் தாமஸ் டேனியல்.

இவர் 1749இல் இங்கிலாந்தில் பிறந்தார். தந்தை விடுதி நடத்தியவர். தாமஸ் சிறுவயதில் கோச்சு வண்டிகளுக்கு வர்ணம் பூசும் தொழிலைக் கற்றார். பிறகு லண்டன் ராயல் அகாடமியில் சேர்ந்து ஓவியம் பயின்றார். ஆனால், லண்டனில் ஓவியர்களுக்குப் பஞ்சமில்லையே! அதனால் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் அனுமதி வாங்கி, 1785இல் கப்பல் ஏறினார். உடன் வந்தது யார் தெரியுமா? அண்ணன் மகன் வில்லியம். தந்தையை இழந்த அந்தப் பையனுக்கு அப்போது வயது பதினாறுதான்!

சீனா வழியாக 1786இல் கல்கத்தா சேர்ந்தார்கள். வட இந்தியாவில் இமயமலை அடிவாரம் வரை சுற்றினார்கள். கையில் பணம் தீர்ந்தது. அடுத்த பயணத்துக்கு என்ன செய்வது? வரைந்த ஓவியங்களையே பரிசாக வைத்து லாட்டரிச் சீட்டு நடத்தினார்கள்! அந்தப் பணத்தில்தான் தெற்கே வந்தார்கள்.

மைசூரில் திப்பு சுல்தானுடன் நடந்த போர் அப்போதுதான் முடிந்திருந்தது. 1792 ஏப்ரலில் சென்னையிலிருந்து கிளம்பினார்கள். கத்திரி வெயில் வரப்போகும் நேரத்தில் புறப்பட்டிருக்கிறார்களே, என்ன துணிச்சல்! பல்லக்குகள், அவற்றைத் தூக்க ஆட்கள், படம் வரையும் மேசைகளைச் சுமக்க ஆட்கள் என்று பெரிய கூட்டமே நடந்தது. மதுரை, குற்றாலம், ராமேஸ்வரம், தஞ்சாவூர், திருச்சி என்று ஊர் ஊராகப் போனார்கள்.

எப்படி வரைந்தார்கள்? அவர்களிடம் ஓர் இருட்டுப் பெட்டி இருந்தது. அதிலுள்ள லென்ஸ் வழியே வரும் ஒளி, எதிரே இருக்கும் காட்சியைக் காகிதத்தின் மேல் விழச் செய்யும். அந்தக் கோடுகளின் மேலேயே பென்சிலை ஓட்டலாம். ‘இது காப்பியடிப்பது இல்லையா?’ என்று கேட்பீர்கள். இல்லை. பெட்டி கொடுப்பது வெறும் கோடுகளைத்தான். வெயில் எங்கே விழுகிறது, நிழல் எங்கே நீள்கிறது, தண்ணீர் எப்படி மின்னுகிறது என்பதையெல்லாம் அங்கேயே உட்கார்ந்து கண்ணால் பார்த்துத் தீட்ட வேண்டும். பெரிய எண்ணெய் வண்ண ஓவியங்களைப் பிறகு இந்தப் படங்களை வைத்துத் தீட்டினார்கள்.

1794இல் ஊர் திரும்பினார்கள். வேலை முடியவில்லை. செப்புத் தகட்டில் குங்கிலியப் பொடி தூவி, அமிலத்தால் அரித்து அச்சடிக்கும் கலையில் வில்லியம் இரவு பகலாகத் தேர்ச்சி பெற்றார். 1795 முதல் 1808 வரை 144 படங்கள் ‘ஓரியண்டல் சீனரி’ என்ற பெயரில் வெளிவந்தன. காவிரியிலிருந்து தெரியும் மலைக்கோட்டையும் அவற்றில் ஒன்று. இங்கிலாந்து மக்கள் பலர் நம் நாட்டை முதன்முதலில் பார்த்தது இந்தப் படங்களில்தான்.

தாமஸ் மீண்டும் இந்தியா வரவில்லை. ஆனால், முதுமையிலும் இந்தியக் காட்சிகளையே தீட்டிக்கொண்டிருந்தார். மகன் போல் வளர்த்த வில்லியம் 1837இல் காலமானார். மூன்று ஆண்டுகள் கழித்து, 1840இல் தாமஸும் மறைந்தார்.

1990களில் அன்டோனியோ மார்ட்டினெல்லி என்ற இத்தாலியப் புகைப்படக்காரர், டேனியல்கள் வரைந்த இடங்களைத் தேடித் தேடிப் போய்ப் படம் எடுத்தார். திருச்சி நகரைச் சுற்றியிருந்த கோட்டைச் சுவரைத்தான் இன்று பார்க்க முடியாது. அது 19ஆம் நூற்றாண்டிலேயே இடிக்கப்பட்டுவிட்டது. மெயின் கார்டு கேட் வழியாகப் போகிறீர்களே, அந்த வாசல் அதன் மிச்சம்தான். 236 அடி உயர ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்தை தாமஸ் பார்த்திருக்க முடியாது. அன்று அது பாதியில் நின்ற மொட்டைக் கோபுரம். கட்டி முடித்தது 1987இல்!