சாளரத்தில் விரிந்த வீதி

ஞாயிற்றின் ஒளியை வண்ணத்தில் வடித்த ஓவியர் வரிசையில் முன்னிற்பவர் கமில் பிசாரோ. அந்நாளில் டென்மார்க்கின் ஆட்சிக்குட்பட்டிருந்த செயின்ட் தாமஸ் தீவில் 1830ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 10ஆம் நாள் பிறந்தார். தந்தையாரின் வணிகத்தில் மனம் ஒன்றாமல், தூரிகையைத் துணைக்கொண்டு 1855இல் பாரிசு மாநகரை அடைந்தார்.

வறுமை அவரை நெடுங்காலம் வாட்டியது. 1870இல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூள, இலண்டனுக்குப் பெயர்ந்தார். மறு ஆண்டு திரும்பியபோது, பிரஷ்யப் படையினர் தங்கியிருந்த அவரது லூவ்சியென் இல்லத்தில், பல்லாண்டு உழைப்பில் உருவான ஓவியங்களுள் பெரும்பாலானவை அழிந்துபோயிருந்தன. எனினும் அவர் தளர்ந்தாரில்லை. 1874 முதல் 1886 வரை இம்ப்ரெஷனிச ஓவியர்கள் நடத்திய எட்டுக் கண்காட்சிகளிலும் இடம்பெற்ற ஒரே ஓவியர் அவரே என்பது குறிப்பிடத்தக்கது.

திறந்தவெளியில் நின்று தீட்டுவதே அவர்தம் நெறி. முதுமையில் கண்ணைப் பற்றிய நோய் அந்நெறிக்குத் தடையாயிற்று. காற்றும் தூசியும் பகையாயின. கண்ணையே கருவியாகக் கொண்ட கலைஞனுக்கு இதனினும் கொடிய சோதனை உண்டோ? வீதியில் நிற்க இயலாத அவர், விடுதி அறையின் சாளரத்தருகே அமர்ந்தார். 1897 பிப்ரவரியில் பாரிசின் மொன்மார்த்ரு பெருவீதியை மாடியிலிருந்து நோக்கி எண்ணெய் வண்ணத்தில் தீட்டத் தொடங்கினார். வீதி ஒன்றே, அது தந்த ஓவியங்களோ 14. காலை, பிற்பகல், மழை, மூடுபனி, இரவு என ஒவ்வொரு பொழுதும் ஒரு தனிக்காட்சியாயிற்று. ஒளி மாறுந்தோறும் ஒரு திரையை விட்டு, அப்பொழுதுக்குரிய மற்றொரு திரையை எடுத்து வரைவார்.

வெயில் பொழியும் ஓவியங்களில் அவர்தம் கைத்திறம் முழுமையாக விளங்குகிறது. இருமருங்கும் நிற்கும் மாளிகைகள் தொலைவில் சென்று ஒடுங்குகின்றன. ஒளிபடும் சுவர்களில் வெண்மையும் இளமஞ்சளும் மிளிர்கின்றன. நிழலை அவர் கருமையால் மூடவில்லை. நீலமும் ஊதாவும் கலந்து, நிழலுக்குள்ளும் வானின் ஒளி உண்டெனக் காட்டினார். வண்டிகளும் மக்களும் ஓரிரு தீற்றல்களிலேயே உயிர்பெற்று நகர்கின்றனர்.

1903ஆம் ஆண்டுக் கோடையிலும் லஆவ்ர் துறைமுகத்தைச் சாளரத்தின் வழியே தீட்டினார். அவ்வாண்டு நவம்பர் 13ஆம் நாள் பாரிசில் மறைந்தார். நோய் அவருக்கு அடைத்தது வாயிலை மட்டுமே. எஞ்சிய சாளரத்தின் வழியே அவர் கண்ட வெயில், நூற்றாண்டு கடந்தும் அவ்வோவியங்களில் மங்காது ஒளிர்கிறது.