வெயிலை அளந்த பெருமகன்

இளம் அறிவியல் (இயற்பியல்), இரண்டாம் ஆண்டு

எல்லோர் வீட்டு முற்றத்திலும் வெயில் ஒன்றுபோலவே காய்கிறது. அதில் துணி உலர்த்துகிறோம், நெல் காய வைக்கிறோம், வற்றல் போடுகிறோம். ஆனால் அந்த வெயிலை ஒரு பெட்டிக்குள் பிடித்து அடைத்து, அதன் வெம்மை எவ்வளவு என்று அளந்து பார்க்க வேண்டும் என்று எத்தனை பேருக்குத் தோன்றியிருக்கும்?

அமெரிக்காவின் கலிஃபோர்னியா, ஃபுளோரிடா மாநிலங்களிலும் ஆஸ்திரேலியாவிலும் பல வீடுகளில் நீச்சல் குளம் உண்டு. குளிர்ந்துபோகும் அக்குளத்து நீரை இதமாக வைத்திருக்க வீட்டுக் கூரை மீது கறுப்பு நிறச் சூரியப் பலகைகளைப் பதித்திருப்பார்கள். இவை மின்சாரம் தரும் பலகைகள் அல்ல. கதிரவனின் வெப்பத்தை நேரே நீருக்கு ஊட்டும் பலகைகள். இத்தகைய கருவிகளுக்கெல்லாம் முன்னோடி, இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் ஜெனிவா நகரில் வாழ்ந்த ஓர் ஆசிரியர் செய்த சிறு பெட்டி என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா? அவர்தாம் ஹொராஸ் பெனடிக்ட் டி சசூர்.

மொழியியல் படித்தவர்களுக்குச் சசூர் என்ற பெயர் புதியதன்று. அவர்கள் அறிந்த ஃபெர்டினாண்ட் டி சசூர், நம் கட்டுரைத் தலைவரின் கொள்ளுப்பேரன் ஆவார்.

இளமை

சசூர் 1740-ஆம் ஆண்டு பிப்ரவரி 17-ஆம் நாள் ஜெனிவாவுக்கு அருகே பிறந்தார். செல்வக் குடும்பம். அவருடைய சித்தப்பா முறையினரான சார்லஸ் பொன்னே புகழ்பெற்ற இயற்கை ஆய்வாளர். அவரது தொடர்பால் செடிகொடிகள் மீது சிறுவனுக்குப் பற்று ஏற்பட்டது. செடிகளைத் தேடி மலையேறியவர், நாளடைவில் மலைகளையே நேசிக்கத் தொடங்கினார். 22-ஆம் வயதிலேயே ஜெனிவா கல்விக்கழகத்தில் தத்துவப் பேராசிரியர் ஆனார். அந்நாளில் இயற்பியலும் தத்துவத்தின் ஒரு பகுதியாகவே கற்பிக்கப்பட்டது.

கண்ணாடிப் பெட்டி

கண்ணாடிச் சன்னல் உள்ள அறையும், மூடிய வண்டியும் வெயிலில் சூடாகும் என்பது அக்காலத்தில் யாவரும் அறிந்த செய்தி. இவ்வளவு தெரிந்த ஒன்றை ஒருவரும் முறையாக அளந்து பார்க்கவில்லையே என்பதுதான் சசூருக்கு வியப்பு. 1767-ஆம் ஆண்டு அவர் ஐந்து கண்ணாடிப் பெட்டிகளை ஒன்றுக்குள் ஒன்றாக அமைத்து, கறுப்பு மேசை மீது வெயிலில் வைத்தார். உள்ளே இருந்த பெட்டியில் வெப்பநிலை 87.5 டிகிரி செல்சியஸ் வரை ஏறியது!

அவர் அத்துடன் நிற்கவில்லை. மரப்பெட்டி ஒன்றின் உட்புறம் கறுப்புத் தக்கையைப் பதித்து, மேலே மூன்று கண்ணாடித் தகடுகளை இடைவெளி விட்டுப் பொருத்தினார். பக்கங்களில் வெப்பம் கசியாதபடி கம்பளியைச் சுற்றினார். இப்போது வெப்பம் நீர் கொதிநிலையையும் தாண்டி 109 டிகிரியைத் தொட்டது. நெருப்பில்லை, புகையில்லை, வெயில் மட்டுமே.

உயர்ந்த மலையுச்சி கதிரவனுக்குச் சற்று நெருக்கந்தானே, பின் ஏன் அங்கே குளிர்கிறது? இந்த ஐயத்தையும் அப்பெட்டியே தீர்த்து வைத்தது. ஆல்ப்ஸ் மலைத்தொடரின் கிராமோன் சிகரத்தில் வெளிக்காற்று 6 டிகிரியாக இருந்தபோது பெட்டிக்குள் 88 டிகிரி. மறுநாள் கீழே சமவெளியில் காற்று 25 டிகிரி. பெட்டிக்குள்ளோ 86 டிகிரி. ஆக, வெயில் இரண்டிடத்தும் ஏறக்குறைய ஒன்றே. மேலே உள்ள மெல்லிய காற்றால் வெப்பத்தைப் பிடித்து வைக்க இயலவில்லை என்று சசூர் முடிவு செய்தார். பிற்காலத்தில் 1824-இல் ஃபூரியே என்ற பிரெஞ்சு அறிஞர், பூமியைக் காற்றுமண்டலம் எவ்வாறு வெதுவெதுப்பாக வைத்திருக்கிறது என்று ஆராய்ந்தபோது சசூரின் பெட்டியையே எடுத்துக்காட்டினார்.

இருபத்தேழு ஆண்டுக் கனவு

1760-இல், இருபது வயதில், மாண்ட் பிளாங்க் சிகரத்தைக் கண்ட சசூர், அதற்கு வழி கண்டுபிடிப்பவருக்குப் பரிசு தருவதாக அறிவித்தார். 1786-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 8-ஆம் நாள் பால்மா என்ற மலைவாசியும் பக்கார் என்ற மருத்துவரும் முதன்முதலில் உச்சியை எட்டினர். அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 3-ஆம் நாள், பதினெட்டு வழிகாட்டிகளுடன் 47 வயதுச் சசூரும் ஏறி நின்றார். 4,800 மீட்டருக்கு மேற்பட்ட உயரம், மூச்சு முட்டியது. ஆயினும் அவர் வெற்றிக் களிப்பில் நேரத்தைப் போக்கவில்லை. காற்றழுத்தத்தை அளந்தார், நீர் எத்தனை டிகிரியில் கொதிக்கிறது என்று பார்த்தார். நாடித்துடிப்பையும் எண்ணினார். தலைமுடி ஈரத்தில் நீளும் என்ற இயல்பைக் கொண்டு காற்றின் ஈரப்பதத்தை அளக்கும் கருவியை அமைத்தவரும் அவரே.

இறுதி நாட்கள்

பிரெஞ்சுப் புரட்சியின் கொந்தளிப்பில் அவரது செல்வத்தின் பெரும்பகுதி அழிந்தது. உடலைப் பக்கவாதம் வாட்டியது. எனினும் ஆல்ப்ஸ் பயணங்கள் பற்றிய தம் பெருநூலின் நான்காம் தொகுதியை 1796-இல் வெளியிட்டு முடித்தார். 1799-ஆம் ஆண்டு சனவரி 22-ஆம் நாள் மறைந்தார். இமயமலையில் மலரும் பிரம்ம கமலம் அடங்கிய தாவர இனத்துக்குச் 'சசூரியா' என்ற பெயர் அவரையும் அவர் மகனையும் நினைவுகூர்கிறது.

பெட்டியிலிருந்து குளத்துக்கு

எளிதில் செய்யக்கூடிய இப்பெட்டி என்றாவது பயன்படும் என்று சசூர் நம்பினார். நம்பிக்கை பொய்க்கவில்லை. 1891-இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரைச் சேர்ந்த கெம்ப் என்பவர், கறுப்பு வண்ணம் பூசிய நீர்த்தொட்டியைக் கண்ணாடி மூடிய பெட்டிக்குள் வைத்துக் குளியலுக்கு வெந்நீர் தரும் கருவிக்குக் காப்புரிமை பெற்றார்.

நீச்சல் குளத்தின் கதை இன்னும் சுவையானது. குளத்து நீர் 28 டிகிரி அளவில் இருந்தாலே போதும். அவ்வளவு குறைந்த சூட்டில் பலகையிலிருந்து வெளியேறும் வெப்பமும் குறைவு. எனவே பெரும்பாலான பலகைகளுக்குக் கண்ணாடியே தேவையில்லை. கறுப்புப் பிளாஸ்டிக் குழாய்களே போதும். குளத்தின் பம்பே நீரைக் கூரைக்கு ஏற்றிச் சுற்றிவரச் செய்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 1.5 மீட்டர் ஆழம் கொண்ட குளத்தில் 48,000 லிட்டர் நீர் நிற்கும். அதை 1 டிகிரி சூடேற்ற ஏறக்குறைய 56 யூனிட் ஆற்றல் வேண்டும். 20 சதுர மீட்டர் பலகை, உச்சி வெயிலில் முக்கால் பங்கைப் பிடித்தால், இழப்புகளை ஒதுக்கிவிட்டால், நான்கு மணி நேரத்தில் இது முடியும். ஆனால் குளம் தன் வெப்பத்தைப் பெரிதும் இழப்பது நீர் ஆவியாவதால்தான். ஆகவே இரவில் குளத்தின் மீது போர்வை விரிக்க வேண்டும். வெப்பத்தைத் தேடுவது பாதி, தேடியதைக் காப்பது பாதி. சசூரின் கண்ணாடியும் கம்பளியும் சொன்ன பாடமும் இதுவே.

நிறைவாக

பச்சிளங்குழந்தையைக் குளிப்பாட்ட என் பாட்டி அண்டாவில் நீர் நிரப்பி முற்றத்து வெயிலில் வைப்பார். அவர் பள்ளிக்கூட வாசலை மிதித்தவர் அல்லர். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். ஆய்வகத்தில் கற்பதும் எங்கள் வீட்டில் நடப்பதும் வேறு வேறு உலகங்கள் என்றே நெடுநாள் எண்ணியிருந்தேன். சசூரின் வரலாற்றைப் படித்த பின், கோடை விடுமுறையில் ஒரு வெப்பமானியை அந்த அண்டாவில் இட்டேன். காலையில் 28 டிகிரி. பிற்பகலில் 41 டிகிரி. இதைப் படிக்கவா பட்டணம் போனாய் என்று பாட்டி சிரித்தார். ஆம், இதற்குத்தான் என்றேன்.

தெரிந்த பொருளையும் அளந்து பார்ப்பவனே அறிவியல் மாணவன். அந்த வழியில் நமக்கு முன் நடந்தவர் சசூர்.