பரதேசியாரிடம் பாடங்கேட்ட மகாவித்துவான்

தலபுராணங்கள் பல பாடிய திரிசிரபுரம் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் 1815-ஆம் ஆண்டு தோன்றியவர்கள். தந்தையார் சிதம்பரம் பிள்ளையே முதல் ஆசிரியர். அவர் மறைந்தபின் திரிசிரபுரத்தை அடைந்து, கற்றவர் எவரைக் கண்டாலும் அடுத்துப் பாடங்கேட்டு வந்தார்கள்.

தண்டியலங்காரத்தில் வல்ல ஒருவர் அந்நகரில் இருந்தார். வீடுதோறும் பிச்சை ஏற்றுத் திரிந்த பரதேசி அவர். எளிதிற் சொல்லிக்கொடுக்கும் இயல்பினரும் அல்லர். பிள்ளையவர்களோ அவர் செல்லும் தெருவெல்லாம் உடன் சென்றும், விரும்பியவற்றை வாங்கிக் கொடுத்தும், அவ்வணிநூலைக் கேட்டுத் தெளிந்தார்கள். உடன் திரிந்ததை இழிவென்று அவர்கள் எண்ணிற்றிலர்.

இங்ஙனம் பெற்ற கல்வியை அவர்கள் விலைக்கு விற்றதும் இல்லை. மாயூரத்திலும் திருவாவடுதுறையிலும் மாணாக்கர்க்குப் பாடம் சொன்னதோடு உணவும் உதவினார்கள். தமக்கோ கடன் தீர்ந்தபாடில்லை. தாம் செய்யுள் சொல்ல, மாணாக்கர் ஏட்டில் எழுதுவர். அவ்வெழுத்துப் பணியே அவர்களுக்கு மற்றொரு பாடமாயிற்று. நாகூர்க் குலாம் காதிறு நாவலரும், கிறிஸ்தவராகிய சவேரிநாத பிள்ளையும் அவர்களிடம் கற்றவர்களே. 1871-இல் உ. வே. சாமிநாதையர் வந்து சேர்ந்தார்.

1876 பிப்ரவரி முதல் நாள், திருவாவடுதுறையில், சவேரிநாத பிள்ளை தம் ஆசிரியரைத் தாங்கியிருந்தார். சாமிநாதையர் திருவாசகத்து அடைக்கலப்பத்தை வாசித்தார். அதனைக் கேட்டவாறே பிள்ளையவர்கள் சிவபதம் எய்தினார்கள்.