கர்ப்பத்தைப் பற்றிப் பேசிய பெரியார்

நம்ம கூட்டமைப்பு மலருக்கு ஆளுக்கொரு தலைவரைப் பற்றி எழுதணும்னு சொன்னாங்க. காமராஜருக்குத்தான் பெரிய போட்டி, நம்ம விருதுநகர்க்காரர் ஆச்சே. அன்னை தெரசாவையும் வேலு நாச்சியாரையும் வேற குழு அக்காமார் எடுத்துக்கிட்டாங்க. நான் தந்தை பெரியாரை எழுதுகிறேன். அவர் கடவுளே இல்லை என்று சொன்னவர். நான் வருஷம் தவறாமல் ஆடி கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி மாரியம்மனைப் பார்க்கப் போகிறவள். அது வேற, இது வேற. பிள்ளை பெறுவதா வேண்டாமா என்பது பெண்ணோட முடிவு என்று கிட்டத்தட்ட நூறு வருஷத்துக்கு முன்னாடியே பகிரங்கமாக எழுதிய மனுஷர் அவர். அதைப் பற்றி மட்டும்தான் இங்கே எழுதப் போகிறேன்.

ஈரோட்டில் 1879 செப்டம்பர் 17ஆம் தேதி பிறந்தார். பேர் ராமசாமி. அப்பா வெங்கட்ட நாயக்கர், அம்மா சின்னத்தாயம்மாள். வசதியான வியாபாரக் குடும்பம். படிப்புதான் ஏறலை. சின்ன வயசிலேயே பள்ளிக்கூடத்தை நிறுத்தி அப்பாவோட மண்டியில் உட்கார வைத்துவிட்டார்கள். பத்தாவது வரைக்கும் போன நான் பெரியாரைவிடக் கூடப் படித்தவள் என்று என் மகளிடம் சொல்லிச் சிரிப்பேன்.

1898ல் கல்யாணம். அவருக்கு 19 வயது, பெண் நாகம்மைக்கு 13. பதிமூணுன்னா நம்ம வீட்டில் எட்டாவது படிக்கிற பிள்ளை. அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்து ஐந்து மாதத்தில் இறந்துபோனது. அப்புறம் பிள்ளையே இல்லை.

அவர் தங்கச்சி மகள் ஒரு சின்னப் பிள்ளை. பத்து வயசுகூட இருக்காது, கல்யாணம் செய்துவைத்தார்கள். மாப்பிள்ளை கொஞ்ச நாளிலேயே இறந்துவிட்டான். அந்தப் பிள்ளை விவரம் தெரியாத வயசிலேயே தாலி அறுத்தவள் ஆனாள். சொந்தக்காரங்க அத்தனை பேரும் எதிர்த்து நின்றும் 1909ல் பெரியார் அவளுக்கு மறுமணம் செய்துவைத்தார். அப்போது அவர் தலைவரும் இல்லை, ஒன்றும் இல்லை, ஒரு வியாபாரி. அவருடைய பேச்செல்லாம் இந்த வீட்டு விஷயத்திலிருந்துதான் ஆரம்பித்தது என்பது என் நினைப்பு.

பிறகு ஈரோடு நகராட்சித் தலைவர் ஆனார், காங்கிரசில் சேர்ந்தார், வைக்கத்துக்குப் போராடப் போனார். அதெல்லாம் பள்ளிக்கூடப் புத்தகத்திலேயே இருக்கு. 1921ல் கள்ளுக்கடை மறியலுக்கு நாகம்மையும் பெரியாரின் தங்கை கண்ணம்மாளும் தெருவில் இறங்கினார்கள் என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன். 1925 மே மாதம் குடிஅரசு என்ற வாரப் பத்திரிகையை ஆரம்பித்தார். அதில்தான் பெண்களைப் பற்றி எழுதிக் குவித்தார். அந்தக் கட்டுரைகள் சேர்ந்து பெண் ஏன் அடிமையானாள் என்று ஒரு சின்னப் புத்தகமாக வந்திருக்கு. நம்ம ஊர்ப்புற நூலகத்தில் இருக்கு, ரெண்டு மத்தியானத்தில் படித்து முடித்துவிடலாம். அதில் கர்ப்பத்தடைக்கென்றே ஒரு கட்டுரை.

அந்தக் காலத்தில் கர்ப்பத்தடை பற்றி அவர் ஒருத்தர் மட்டும் பேசலை. 1928ல் சென்னையில் படித்த பெரிய மனுஷர்கள் சேர்ந்து இதற்கென்று ஒரு சங்கம் வைத்தார்கள். 1930ல் மைசூர் அரசாங்கம் ஆஸ்பத்திரியிலேயே இதற்குத் தனியாக இடம் ஒதுக்கியது. இன்னொரு பக்கம், காந்தியடிகள் கருவிகளும் மருந்துகளும் கூடாது, மன அடக்கம்தான் வழி என்று உறுதியாக இருந்தார். 1935 கடைசியில் அமெரிக்காவிலிருந்து மார்கரெட் சாங்கர் என்ற அம்மா வார்தாவுக்கே வந்து வாதாடியும் அவர் மாறவில்லை. மன அடக்கம் நல்லதுதான். குடித்துவிட்டு ராத்திரி வருகிற ஆளிடம் அதை யார் சொல்வது என்று நம்மிடம் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

பெரியார் இந்த ரெண்டு கூட்டத்திலும் சேரவில்லை. கர்ப்பத்தடை வேணும்னு சொன்னவர்கள் தாயோட உடம்புக்காகச் சொன்னார்கள், நாட்டுப் பஞ்சத்துக்காகச் சொன்னார்கள், குடும்பச் சொத்து சிதறாமல் இருக்கச் சொன்னார்கள். பெரியார் தன் காரணம் அது இல்லை என்றார். பெண் விடுதலை ஆவதற்காகவே அது வேணும் என்றார். அடுத்தடுத்துப் பிள்ளை பெறுகிறவள் சோத்துக்கும் துணிக்கும் இன்னொருத்தர் கையை எதிர்பார்த்தே கிடக்கணும், அடித்தாலும் மிதித்தாலும் விட்டுப் போக முடியாது, பிள்ளைப்பேறுதான் அவளைக் கட்டிப்போடும் கயிறு என்பது அவர் வாதம். பெண்கள் பிள்ளை பெறாவிட்டால் உலகம் என்னாகும் என்று கேட்டவர்களுக்கு, அதனால் பெண்களுக்கு என்ன நஷ்டம் என்று திருப்பிக் கேட்டார். இது எனக்குக் கொஞ்சம் அதிகமாகத்தான் படுது. என் ரெண்டு பிள்ளைகளையும் நான் ஆசையாகத்தான் பெற்றேன். ஆனால் எப்போ, எத்தனை என்று நானா முடிவு செய்தேன் என்று கேட்டால் பதில் இல்லை.

சிறுவர் கல்யாணத்தைத் தடுக்கும் சாரதா சட்டம் 1930 ஏப்ரலில் அமலுக்கு வந்தபோது பலர் மதம் போச்சு, குலம் போச்சு என்று கத்தினார்கள். அதில் பெண்ணுக்கு வைத்த வயதே 14தான்! பெரியாரின் ஆட்கள் 1929 செங்கல்பட்டு மாநாட்டிலேயே 16க்கு மேல்தான் என்று தீர்மானம் போட்டிருந்தார்கள். 18 என்று சட்டம் வர 1978 ஆச்சு.

நம்ம மாவட்டத்துக்கும் அவருக்கும் உள்ள தொடர்பு நிறைய பேருக்குத் தெரியாது. ஐயர், மந்திரம் இல்லாத முதல் சுயமரியாதைக் கல்யாணம் 1928ல் நம்ம அருப்புக்கோட்டைப் பக்கம் சுக்கிலநத்தத்தில்தான் நடந்தது. மூன்றாவது சுயமரியாதை மாநாடு 1931 ஆகஸ்டில் விருதுநகரிலேயே நடந்தது.

அவ்வளவு பேசின நம்ம சீமையில் இன்னைக்கு நிலைமை என்ன? பட்டாசு ஆபீசில் திரி வெட்டி, சரம் பின்னி, தீப்பெட்டி ஒட்டி சம்பாதிக்கிற பிள்ளைகள். பத்தாவதோ பன்னிரண்டாவதோ முடித்ததும் வேலை வேன் வாசலுக்கு வந்துவிடும். வயசுக்கு வந்தால் சீர் செய்து, ஃப்ளெக்ஸ் அடித்து ஊருக்கே சொல்கிறோம். எதற்காக அந்த ரத்தம் வருது, பிள்ளை எப்படித் தங்கும் என்று அந்தப் பிள்ளைக்கு மட்டும் சொல்வதில்லை. எங்க தெருவில் 17 வயசுப் பிள்ளை ஒன்று நாலு மாசம் வரைக்கும் தான் முழுகாமல் இருக்கிறது தெரியாமலே வேலைக்குப் போய்க்கிட்டு இருந்தது. ஒரு தடவையில் தங்காது என்று கூட வேலை பார்க்கிற அக்கா சொன்னாங்களாம்.

எனக்கு 18ல் கல்யாணம், 19ல் மகன், 22ல் மகள். மகள் பிறந்த ஆஸ்பத்திரியிலேயே ஆபரேஷனும் முடிந்தது. கையெழுத்துப் போட்டது நான்தான், முடிவு பண்ணினது வேற ஆட்கள். நிரோத், மாலா மாத்திரை, பத்து வருஷம் வரைக்கும் தாங்குகிற காப்பர்-டி எல்லாம் அப்போதே இலவசமாக இருந்தது. அப்படி ஒன்று இருக்குன்னு யாரும் எனக்குச் சொல்லலை. இப்போது மூணு மாசத்துக்கு ஒரு தடவை போடும் அந்தரா ஊசியும், சாயா என்ற மாத்திரையும் அரசு ஆஸ்பத்திரியில் கிடைக்கு. நோய் தொற்றாமலும் காப்பது நிரோத் ஒன்றுதான். ஆம்பளைகளுக்குக் கத்தி படாத ஆபரேஷன் இருக்கு, நம்ம ஆபரேஷனைவிடச் சுலபம். அதனால் தெம்பு குறையாது, வேலை பார்க்க முடியாமல் போகாது. வீட்டில் சொல்லிப் பாருங்கள், லட்சுமி வெடி மாதிரி துள்ளுவாங்க.

பெரியாரைப் பற்றி எழுதும்போது இதையும் எழுதணும். 1933 மே 11 நாகம்மை இறந்தார். அப்போது குடிஅரசில் அவர் எழுதிய இரங்கலில், பெண்கள் சுதந்திரம் பற்றி ஊருக்கு உபதேசம் செய்ததில் நூறில் ஒரு பங்குகூட நாகம்மை விஷயத்தில் நடந்துகொண்டேன் என்று சொல்லத் தனக்கு முழு யோக்கியதை இல்லை என்று ஒத்துக்கொண்டார். இப்படி எழுதிக்கொடுத்த புருஷன் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. 1949ல் தன்னைவிட ரொம்ப வயசு குறைந்த மணியம்மையைக் கல்யாணம் செய்தார். கட்சிக்குள்ளேயே பெரிய பிளவு வந்தது. இயக்கத்துக்கு ஒரு வாரிசு வேணும்னு காரணம் சொன்னார். எனக்கு அது மனசுக்கு ஒப்பவில்லை. ஆனால் அவருக்குப் பிறகு மணியம்மைதான் இயக்கத்தை நடத்தினார் என்பதும் உண்மை.

பெரியார் என்ற பேரைக் கொடுத்ததும் பெண்கள்தான். 1938 நவம்பரில் சென்னையில் நடந்த தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாட்டில் அப்படித் தீர்மானம் போட்டார்கள். 1973 டிசம்பர் 24 வேலூர் ஆஸ்பத்திரியில் 94 வயதில் இறந்தார். அரசாங்கம் 1952லேயே குடும்பக் கட்டுப்பாட்டைத் திட்டமாக எடுத்துக்கொண்டது. அவர் இருக்கும்போதே சுவரெல்லாம் சிவப்பு முக்கோணம் வந்துவிட்டது. ஆனால் அது ஜனத்தொகைக் கணக்குக்காக வந்தது. அவர் சொன்ன காரணத்துக்காக வரலை.

போன மாசக் கூட்டத்தில் இந்தப் புத்தகத்தை எடுத்துப்போய்க் கொஞ்சம் சொன்னேன். முதலில் எல்லாரும் முந்தானையை வாயில் வைத்துச் சிரித்தாங்க. அப்புறம் ஒரு மதினி, தன் மகளுக்கு இதையெல்லாம் யார் சொல்வது, எனக்கு வாய் வராதே என்றாங்க. சுகாதார நர்ஸம்மா ஊருக்கு வருகிற அன்றைக்குப் பதிமூணு வயசுக்கு மேல் உள்ள பிள்ளைகளைக் கூட்டிவந்து உட்காரவைக்கலாம், பையன்களுக்கு இன்னொரு நாள் வைக்கலாம் என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதினோம். பன்னிரண்டு பேரில் பதினோரு பேர் கையெழுத்துப் போட்டாச்சு. ஒருத்தர் மட்டும் மாமியாரிடம் கேட்டுட்டு வருகிறேன் என்று சொல்லியிருக்காங்க.