நீரின் குணம் அறிந்த ஆர்தர் காட்டன்

தண்ணீர் பள்ளத்தை நோக்கி ஓடும். வேகமாக ஓடுகையில் மணலைச் சுமக்கும். வேகம் தளர்ந்தால் மணலைக் கீழே விட்டுவிடும். இந்த எளிய உண்மைகளைக் கொண்டு தஞ்சை வயல்களைக் காத்தவர் சர் ஆர்தர் காட்டன்.

அவர் 1803ஆம் ஆண்டு மே 15ஆம் நாள் பிறந்தார். பதினாறாம் வயதில் சென்னைப் பொறியாளர் படையில் சேர்ந்து, 1821இல் இந்தியா வந்தார்.

நம் காரமடைக்கு அருகே மேட்டுப்பாளையம் வழியாக ஓடும் பவானி, கூடுதுறையில் காவிரியோடு கலக்கிறது. அந்தக் காவிரி திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை காவிரி, மற்றொன்று கொள்ளிடம். கொள்ளிடம் தாழ்வானது, சரிவும் மிகுந்தது. ஆகவே நீர் அந்தப் பக்கமே பாய்ந்தது. காவிரியிலோ மணல் படிந்தது. மணல் படியப் படிய ஆற்றின் அடி உயர்ந்தது. அடி உயர உயர நீர்வரத்து மேலும் குறைந்தது. வயல்கள் காய்ந்தன.

காட்டன் முதலில் கல்லணையை ஆராய்ந்தார். ஆழம் காணமுடியாத மணலிலும் உறுதியான அடித்தளம் இடலாம் என்பதைப் பழந்தமிழரிடம் கற்றுக்கொண்டதாக நன்றியுடன் எழுதினார். 1836இல் முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையைக் கட்டத் தொடங்கினார். மணல் தேங்காதிருக்க அணையின் அடியில் மணற்போக்கிகளையும் அமைத்தார். காவிரியில் மீண்டும் நீர் பெருகியது.

ஆனால் இப்போது காவிரி அளவுக்கு மிஞ்சிப் பெருகி, தன் அடியையே அரிக்கத் தொடங்கியது! பின்னர் மேலணையின் ஒரு பகுதியின் உயரத்தைக் குறைத்தும், காவிரியின் தலைப்பில் தடுப்பு அமைத்தும் நீரைச் சமன் செய்தனர். நீரைத் திருப்பினால் மட்டும் போதாது, அளந்து விடவும் வேண்டும் என்பதை இதனால் அறிகிறோம். இன்றும் அணை நீரை விநாடிக்கு இத்தனை கன அடி என்று அளக்கிறார்கள். ஒரு கன அடி ஏறத்தாழ 28.3 லிட்டர், அதாவது இரண்டு குடங்களுக்குச் சற்றுக் குறைவு.

1847 முதல் 1852 வரை கோதாவரியின் குறுக்கே தௌலேஸ்வரத்தில் காட்டன் அணை கட்டினார். பஞ்சம் கண்ட அந்த நாடு நெல் விளையும் பூமியாயிற்று. ரயில் பாதைகளைவிடப் பாசனக் கால்வாய்களே மக்களுக்கு முதல் தேவை என்று வாதாடிப் பலரின் எதிர்ப்பையும் தாங்கினார். 1861இல் சர் பட்டம் பெற்ற அவர், 1899இல் மறைந்தார்.

2018ஆம் ஆண்டு வெள்ளத்தில் மேலணையின் சில மதகுகள் இடிந்தன. கல்லும் சுண்ணாம்பும் ஒரு நாள் தேயும்; நீரின் குணம் மாறாது. மாணவியராகிய நாமும் அதனைக் கற்று, ஒரு சொட்டு நீரையும் வீணாக்காது காப்போமாக!