ஹென்றி டுனான்ட்: அரசுகளின் மனச்சாட்சியை நம்பியிராத மனிதர்

பிறர் போரில் தலையிடும் அரசுகள் யாவும் மனிதாபிமானத்தின் பெயரையே முன்வைக்கின்றன. அதில் இரக்கம் எவ்வளவு, சொந்த நலன் எவ்வளவு என்னும் கேள்வி எம்மவர்க்குப் புதிதன்று. 1987 யூன் 4இல் யாழ்ப்பாண வானிலிருந்து இந்திய விமானங்கள் உணவுப் பொதிகளை வீசின. யூலை முடிவில் இந்தியப் படை வந்திறங்கியது. ஒக்டோபரில் அப்படையே எம் மண்ணில் போர் தொடுத்தது. இக்கேள்வியை எண்ணும்போது, நாம் தஞ்சம் புகுந்த சுவிஸ் நாட்டின் மைந்தர் ஒருவரின் வாழ்வு நினைவுக்கு வருகின்றது.

ஹென்றி டுனான்ட் 1828 மே 8இல் ஜெனீவாவில் பிறந்தார். அல்ஜீரியாவில் தாம் நடத்திய தொழிலுக்குச் சலுகை வேண்டி, பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியனைக் காண இத்தாலிக்குச் சென்றார். இத்தாலியரை ஒஸ்திரியப் பிடியிலிருந்து மீட்கவே வந்ததாகப் பேரரசர் அறிவித்திருந்தார். ஆயினும் மறு ஆண்டே சவோய், நீஸ் பகுதிகள் பிரான்சுக்குக் கைமாறின.

1859 யூன் 24இல் சோல்பரினோவில் நிகழ்ந்த போரில் ஏறத்தாழ 40,000 பேர் மாண்டும் காயமுற்றும் காணாமலும் போயினர். சலுகை தேடிச் சென்ற வணிகர், அருகிலிருந்த காஸ்திலியோனே ஊரில் பெண்களைத் திரட்டி, நண்பர் பகைவர் என்ற பேதமின்றிக் காயமுற்றோரைப் பராமரித்தார். சிறைப்பட்டிருந்த ஒஸ்திரிய மருத்துவர்களை விடுவித்து அப்பணியில் சேர்க்கவும் வழி செய்தார்.

கண்டவற்றை 1862இல் நூலாக வெளியிட்டார். 1863இல் ஜெனீவாவில் ஐவர் குழு அமைந்தது. அதுவே பின்னர் செஞ்சிலுவைச் சர்வதேசக் குழுவாயிற்று. சுவிஸ் அரசு கூட்டிய மாநாட்டில், 1864 ஓகஸ்ட் 22இல், 12 அரசுகள் முதலாவது ஜெனீவா உடன்படிக்கையில் ஒப்பமிட்டன. காயமுற்ற படையினரும் அவர்களைப் பேணும் மருத்துவரும் காக்கப்படவேண்டும் என்பதே அதன் சாரம்.

அரசுகள் ஏன் ஒப்பமிட்டன? நாளை தம் வீரனும் பகைவன் கையில் காயமுற்றுக் கிடக்கக்கூடும் என்பதை அவை அறிந்திருந்தன. இரக்கமும் சுயநலமும் சந்திக்கும் அந்த இடத்திலேயே இவ்வுடன்படிக்கை வேரூன்றியது என்பது எமது கருத்து.

1867இல் டுனான்ட் கடனில் மூழ்கினார். ஜெனீவா அவரைக் கைவிட்டது. வறுமையில் அலைந்த அவர், 1887இல் அப்பன்செல் மலைநாட்டிலுள்ள ஹைடன் என்னும் சிற்றூரை அடைந்தார். 1895இல் பத்திரிகையாளர் ஒருவர் அவரைத் தேடிக் கண்டு எழுதியபின்பே உலகம் அவரை மீண்டும் நினைத்தது. 1901இல் முதலாவது சமாதான நோபல் பரிசைப் பிரெடெரிக் பஸியுடன் பகிர்ந்தார். 1910 ஒக்டோபர் 30இல் மறைந்த அவர், சூரிச் நகரில் அடக்கம் செய்யப்பட்டார்.

உள்நாட்டுப் போருக்கும் பொதுமக்களுக்கும் ஜெனீவா உடன்படிக்கைகளின் காப்பு நீண்டது 1949இலேயே. அக்காப்பும் 2009இல் முள்ளிவாய்க்காலில் சிக்கிய எம் மக்களை மீட்கவில்லை. எந்த அரசும் தலையிட்டுப் போரை நிறுத்தவில்லை. ஆயினும் அவ்வாண்டு புதுமாத்தளன் கரையிலிருந்து காயமுற்றோரை ஏற்றிச் சென்ற கப்பலில் பறந்தது, சோல்பரினோவில் விதையூன்றிய செஞ்சிலுவையே. அரசுகள் தம் நலன் கண்டே வரும். நலன் இல்லையேல் வாரா. அவற்றை எழுத்தால் கட்டிப்போட முயன்ற அந்தத் தனிமனிதரின் பணி இன்னும் முடியவில்லை. அதை அறிந்து தொடர்வது, அவர் பிறந்த நாட்டில் வாழும் எமக்கும் உரிய கடன்.