நீலக் கண் கேட்ட சிறுமி

குற்றாலத்துக்குத் தெற்கே, அதே மலைத் தொடரின் அடியில், களக்காட்டுக்கு அருகே இருக்கிறது டோனாவூர். அங்கே அனாதைக் குழந்தைகளுக்குத் தாயாக வாழ்ந்தவர் எமி கார்மைக்கேல் அம்மையார்.

1867இல் அயர்லாந்தில் பிறந்தவர். தாயாருக்கு நீலக் கண்கள்; எமிக்கோ பழுப்புக் கண்கள். சிறுமி ஏங்கினாள். கேட்டால் கடவுள் கொடுப்பார் என்று தாயார் சொல்லியிருந்தாரே! ஓர் இரவு நீலக் கண் வேண்டினாள். விடிந்ததும் கண்ணாடி முன் ஓடினாள். அதே பழுப்பு! சிறுமிக்குப் பெருத்த ஏமாற்றம்.

1895இல் இந்தியா வந்தார். 1901இல், கோயிலுக்கு விடப்பட்ட ஒரு சிறுமி தப்பி வந்து அவரிடம் அடைக்கலம் புகுந்தாள். இப்படி இன்னும் எத்தனை பேரோ? சேலை உடுத்தி, காப்பிச் சாயம் பூசி, விசாரிக்கப் புறப்பட்டார் அம்மையார். நீலக் கண்ணாக இருந்திருந்தால் தெருமுனையிலேயே அகப்பட்டிருப்பார்!

துணை நின்ற வாக்கர் ஐயர் 1912இல் காலமானார். வலக்கை போன்ற பொன்னம்மாள் 1915இல் மறைந்தார். 1931இல் ஒருநாள் களக்காட்டில் குழியில் விழுந்து அம்மையாரின் கால் முறிந்தது. ஊழியத்துக்குத் தம்மைத் தகுதியாக்க எதையும் செய்யும்படி அன்று காலையில்தான் ஆண்டவரிடம் வேண்டியிருந்தார்.

அதன்பின் சுமார் இருபது ஆண்டுகள் படுக்கைதான். மனம் சோராமலா இருக்கும்? நலமாயிருப்பவர்கள் எழுதிய ஆறுதல் புத்தகங்கள் அவர் மனத்தைத் தொடவில்லை. நோயாளியாகவே நோயாளிகளுக்கு எழுதினார். அந்த நூல் 1933இல் வெளிவந்தது. வலி போகவில்லை. ஜெபமும் நிற்கவில்லை.

1951 ஜனவரி 18இல் மறைந்தார். கல்லறைக் கல் வேண்டாம் என்று சொல்லியிருந்தார். பிள்ளைகள் பறவைகளுக்கு ஒரு தண்ணீர்த் தொட்டி வைத்து, தாய்முறை சொல்லி அவரை அழைத்த அந்த ஒரு சொல்லை மட்டும் அதில் பொறித்தார்கள்.